கோட்டை ஹோட்டலில் தாலி கட்டலாமா?

லண்டனில் வேலை பார்க்கும் ஒரு பெண் கேட்டிருக்கிறார்: அடுத்த ஆண்டு பிரிட்டனில் ஒரு பழைய கோட்டை ஹோட்டலில் கல்யாணம் வைத்துக்கொள்ள ஆசை. சொந்தபந்தம், நண்பர்கள் எல்லாம் சேர்த்து 180 பேர். மாப்பிள்ளை வேலை விசாவில் இங்கே இருக்கிறார். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஊரிலிருந்து வருகிறார்கள். தாலி கட்டுவதும் சட்டப்படியான பதிவும் ஒரே நாளில், ஒரே இடத்தில் நடக்குமா? ஹோமம் வளர்க்க விடுவார்களா? முன்பணம் கட்டுவதற்கு முன் என்னென்ன கேட்க வேண்டும்?

எல்லாம் நடக்கும். பதினான்கு வருடமாக இங்கே கல்யாண ஏற்பாடுகள்தான் என் வேலை. கோட்டையில் நடந்த கல்யாணங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. ஆனால் வருகிறவர்கள் பெரும்பாலும் போட்டோ பார்த்து இடத்தை முடிவு செய்துவிட்டு, பிறகுதான் சட்டத்தையும் நெருப்பையும் பற்றிக் கேட்கிறார்கள். வரிசை நேர்மாறாக இருக்க வேண்டும்.

முதலில் சட்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கல்யாணச் சட்டம் கட்டடத்தைப் பார்க்கிறது. ஸ்காட்லாந்தில் நடத்தி வைக்கிறவரைப் பார்க்கிறது. இந்த ஒரு வித்தியாசம் உங்கள் நாளையே மாற்றிவிடும். இங்கிலாந்தில் 1995 ஏப்ரல் வரை பதிவு அலுவலகத்தைத் தாண்டி ஒரு ஹோட்டலிலோ கோட்டையிலோ சிவில் திருமணம் செய்யவே முடியாது. 1994-இல் வந்த திருமணச் சட்டம்தான் அந்தக் கதவைத் திறந்தது. உள்ளூர் கவுன்சிலின் அனுமதி பெற்ற இடங்களில் ரிஜிஸ்ட்ரார் வந்து நடத்தித் தருவார். 2021 ஜூலையிலிருந்து அந்த இடத்தின் தோட்டத்திலும் நடத்தலாம். ஆனால் அந்தச் சிவில் சடங்குக்குள் மதச் சடங்கு எதுவும் கலக்கக் கூடாது. அதாவது, சாஸ்திரிகள் மந்திரம் சொல்லி நீங்கள் ஏழு அடி வைத்தாலும், கோட்டை ஹோட்டலில் நடந்த அந்தச் சடங்கு மட்டும் சட்டப்படி உங்களைக் கணவன் மனைவி ஆக்காது. ரிஜிஸ்ட்ரார் முன்னால் தனியாக, இரண்டு சாட்சிகளோடு, சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே நாளில் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டும் வேறு வேறு அறையிலோ, நடுவில் நல்ல இடைவெளியோடோ இருக்க வேண்டும் என்று பெரும்பாலான ரிஜிஸ்ட்ரார்கள் கேட்பார்கள். இடையில் கலந்துவிட்டால் அவர் நிறுத்திவிடக் கூடும்.

ஸ்காட்லாந்தில் அப்படியில்லை. அங்கே 1977-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற மதகுரு எந்த இடத்தில் நடத்தினாலும் அது சட்டப்படியான திருமணம். தற்காலிக அங்கீகாரத்துக்கும் அந்தச் சட்டத்தில் வழி உண்டு. ஆகவே அங்கீகாரம் பெற்ற இந்து குரு ஒருவர் கிடைத்தால், கோட்டைக்குள் ஒரே சடங்கில் இரண்டும் முடிந்துவிடும். எம் 10 என்ற படிவத்தை இருவரும் தனித்தனியாக நிரப்பி, குறைந்தது 29 நாட்களுக்கு முன் அந்தப் பகுதி ரிஜிஸ்ட்ராரிடம் சேர்த்திருக்க வேண்டும். பத்து முதல் பன்னிரண்டு வாரம் முன்பு கொடுப்பது நல்லது. திருமணத்துக்கு முந்தைய வாரம் அவர்கள் தரும் பத்திரத்தை வாங்கி, கையெழுத்துகள் முடிந்ததும் மூன்று நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். ‘எனக்கு ஒரே முகூர்த்தம், ஒரே சடங்கு போதும்’ என்பது உங்களுக்கு முக்கியம் என்றால், நான் தயங்காமல் ஸ்காட்லாந்துதான் சொல்வேன்.

இங்கிலாந்தே என்றால், மாப்பிள்ளைக்கு விசா இருப்பதால் ஒரு விஷயம் கவனியுங்கள். திருமணம் செய்யப்போகிறோம் என்று பதிவு அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுத்த பிறகு காத்திருக்கும் காலம் வழக்கமாக 28 நாள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் என்றால் உள்துறை அமைச்சகம் அதை 70 நாளாக நீட்டலாம். நோட்டீசில் திருமணம் நடக்கும் இடத்தின் பெயரையும் எழுத வேண்டும். இடம் மாறினால் மறுபடி முதலிலிருந்து கொடுக்க வேண்டும். ஒரு நோட்டீஸ் 12 மாதம் செல்லும். எனவே கோட்டை உறுதியானதும் நோட்டீஸ், அதற்கும் முன்பே ரிஜிஸ்ட்ராரின் தேதி. ஹோட்டல் உங்களுக்குச் சனிக்கிழமையை ஒதுக்கிவிடும். ரிஜிஸ்ட்ராரை ஹோட்டல் ஒதுக்காது. அது கவுன்சிலின் வேலை, தனிக் கட்டணம், தனி முன்பதிவு. முன்பணம் கட்டிவிட்டு, அந்தச் சனிக்கிழமை ரிஜிஸ்ட்ரார் காலியாக இல்லை என்று தெரிந்து அழுத ஒரு பெண்ணை நான் பார்த்திருக்கிறேன்.

ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கு சாதாரண விசிட்டர் விசா போதும். ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே கல்யாணம் செய்துகொண்டு திரும்பப் போகிற மணமக்கள் அந்த விசாவில் வரக் கூடாது. அவர்களுக்கு அதற்கென்றே தனி விசா உண்டு. உங்கள் மாப்பிள்ளைக்கு அது தேவையில்லை. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பயன்படும் என்பதால் சொல்கிறேன்.

சரி, அடுத்து எந்தக் கோட்டை. இங்கே ‘காஸில்’ என்று பெயர் வைத்தவை எல்லாம் ஒரே ரகம் இல்லை. க்ளாஸ்டர்ஷயரில் இருக்கும் தார்ன்பரி நிஜமான டியூடர் காலத்துக் கட்டடம். பக்கிங்ஹாம் பிரபு எட்வர்ட் ஸ்டாஃபோர்ட் 1511-இல் கட்டத் தொடங்கினார். அவர் உடம்பில் அரச ரத்தம் ஓடியது மன்னர் எட்டாம் ஹென்றிக்குச் சந்தேகத்தைத் தந்தது. 1521-இல் அவரைத் துரோகக் குற்றம் சாட்டித் தலையை வெட்டி, கோட்டையையும் எடுத்துக்கொண்டார். கட்டடம் பாதியில் நின்றது. 1535-இல் ஹென்றியும் அவர் மனைவி ஆன் பொலினும் வந்து அங்கே தங்கினார்கள். பாதியில் நின்றுபோன அந்தச் சுவர்களுக்கு நடுவே நின்று படம் எடுத்தால் வேறெங்கும் கிடைக்காத படம் வரும். ஆனால் அறைகள் முப்பதுக்கும் குறைவு. மேற்கு சஸெக்ஸில் ஆம்பர்லி, சிசெஸ்டர் பிஷப்புகளின் கோட்டை. அரண் கட்ட 1377-இல் அனுமதி வாங்கியது. அறுபதடி மதிலும், மேலிருந்து இறங்கும் இரும்புக் கதவும் இன்றும் இருக்கின்றன. அங்கே படுக்கையறைகள் இருபது வரை. 180 பேரை இவை தாங்குவது சிரமம். அறுபது பேரென்றால் சொர்க்கம்.

இன்னொரு ரகம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பணக்காரர்கள் ஆசைக்குக் கட்டியது. செஷயரில் பெக்ஃபர்டன் 1844-க்கும் 1850-க்கும் நடுவில் எழுந்தது. மத்தியகாலக் கோட்டை போலவே அந்தோணி சால்வின் வடிவமைத்தார். ஸ்காட்லாந்தில் பென் நெவிஸ் மலையடியில் உள்ள இன்வர்லாக்கி 1863-இல் கட்டியது. விக்டோரியா ராணி 1873-இல் அங்கே வந்து தங்கிப் படம் வரைந்தார். ‘இது நிஜக் கோட்டை இல்லையே’ என்று சிலர் முகம் சுளிப்பார்கள். என் கருத்து வேறு. இவை முதல் நாளிலிருந்தே விருந்தாளிகளுக்காகக் கட்டியவை. படிக்கட்டு அகலம், கூடம் பெரிது, வண்டி வாசல்வரை வரும். எதிரி உள்ளே வரக் கூடாது என்று கட்டிய கட்டடத்துக்குள் மணவறைத் தூண்களையும் எண்பது வயதுப் பாட்டியையும் கொண்டுபோவது வேறு அனுபவம். உங்கள் எண்ணிக்கைக்கு நான் இந்த இரண்டாம் ரகத்தைத்தான் பார்க்கச் சொல்வேன்.

அந்தத் தூண் விஷயம் சும்மா சொல்லவில்லை. ஒரு கோட்டையில் எட்டடி மணவறைத் தூண் சுழற்படியின் இரண்டாவது வளைவில் சிக்கி நின்றது. முன்னால் போனவர் மேலே இழுக்கிறார், பின்னால் இருந்தவர் கீழே இறக்குகிறார், தூண் நகரவில்லை. கடைசியில் ஜன்னல் வழியாகவும் போகாமல், கூடத்தை விட்டுவிட்டு முற்றத்தில் மணவறை போட்டோம். அன்றிலிருந்து நான் போகிற இடமெல்லாம் பையில் அளவு நாடா இருக்கும். கதவின் அகலம், உயரம், படியின் வளைவு, கூடத்துக் கூரையில் தொங்கும் விளக்கின் உயரம் எல்லாம் அளந்து, அலங்காரக்காரருக்கு அனுப்பிவிட்டுத்தான் கையெழுத்து. கூடத்தில் எத்தனை பேர் அமரலாம் என்று கேட்கும்போதும் ‘மணவறை போட்ட பிறகு எத்தனை’ என்று கேளுங்கள். ஹோட்டல் சொல்லும் எண் மேசை நாற்காலி மட்டும் போட்ட எண்.

பெரியவர்களுக்காக லிஃப்ட் உண்டா என்பதையும் அப்போதே கேளுங்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் பல இடங்களில் லிஃப்ட் வைக்கவே முடியாது. தரைத்தள அறைகளை முதலிலேயே பெயர் சொல்லி ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஜூலையிலும் கல்சுவர் குளிர்ந்திருக்கும். பட்டுப்புடவைக்கு மேல் போர்த்திக்கொள்ள ஒரு சால்வை ஒவ்வொருவரும் வைத்திருக்கட்டும்.

இனி நெருப்பு. ஹோமம் வேண்டும் என்றதும் பல ஹோட்டல்கள் ‘முடியாது’ என்று எழுதிவிடும். அது பிடிவாதம் இல்லை, அவர்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1992 நவம்பர் 20 அன்று வின்ட்சர் கோட்டையில் ஒரு விளக்கு திரைச்சீலையை ஒட்டியிருந்ததில் பிடித்த தீ 115 அறைகளைப் பாழாக்கியது. 2011 ஜூனில் பெக்ஃபர்டனிலேயே ஒரு கல்யாணத்தின்போது பெருந்தீ பிடித்து ஒரு பகுதியைத் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று. லாக் லோமண்ட் ஏரிக்கரையில் கேமரன் ஹவுஸ் என்ற பழைய மாளிகை ஹோட்டலில் 2017 டிசம்பரில் தங்கியிருந்த இருவர் இறந்தார்கள். கணப்பிலிருந்து அள்ளிய சாம்பலைப் பையில் போட்டு, சுள்ளியும் செய்தித்தாளும் இருந்த அலமாரியில் வைத்ததுதான் காரணம். சாம்பலுக்குள் கங்கு இருந்தது. அந்த ஹோட்டலுக்கு 2021-இல் 5 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தார்கள்.

நம் விஷயத்திலும் ஹோமம் எரியும்போது பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது முடிந்து எல்லாரும் சாப்பிடப் போன பிறகு குண்டத்தில் கிடக்கும் கங்கை யார் பார்ப்பது? ஹோட்டல்காரரிடம் போகும்போது இதற்குப் பதிலோடு போங்கள். நான் எழுதிக் கொடுப்பது இப்படி: சிறிய செம்புக் குண்டம், அதன் அடியில் செங்கல், செங்கலுக்கு அடியில் மணல் நிரப்பிய இரும்புத் தட்டு. சமித்து எத்தனை, நெய் எத்தனை கரண்டி என்று சாஸ்திரிகளிடம் முன்பே பேசி வைத்த அளவு. பக்கத்தில் தீயணைப்புக் கருவியோடு ஹோட்டல் ஊழியர் ஒருவர். புகை கண்டுபிடிக்கும் கருவியை அந்த ஒரு அறைக்கு மட்டும் அந்த நேரத்துக்கு நிறுத்தி வைப்பது. முடிந்ததும் மூடி போட்ட இரும்பு வாளியில் கங்கை அள்ளி, தண்ணீர் ஊற்றி, வெளியே சரளைக்கல் மேல் மறுநாள் காலைவரை வைப்பது. இந்த ஒரு பக்கத் தாளைப் பார்த்ததும் முதலில் ‘முடியாது’ என்ற மேலாளர்களே மனம் மாறியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கட்டடத்தின் தீ அபாயத்தை மதிப்பிட்டு எழுதி வைப்பது சட்டப்படி அவர்கள் பொறுப்பு. நீங்கள் பாதி வேலையைச் செய்து கொடுக்கிறீர்கள். அப்படியும் உள்ளே வேண்டாம் என்றால் முற்றத்தில் பந்தல் போட்டுச் செய்யுங்கள். காற்று வீசும் நாளுக்கு ஒரு மாற்று ஏற்பாடும் இருக்கட்டும். காப்பீட்டாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள், வாய்ச்சொல் போதாது.

நெருப்புக்கு அடுத்து மஞ்சள். இதை யாரும் யோசிப்பதே இல்லை. ஒரு கல்யாணத்தில் அட்சதை தூவி முடித்து விருந்து தொடங்கிய பிறகு, கூடத்துக்குத் திரும்பிப் போனேன். துப்புரவு செய்யும் பெரியவள் ஒருத்தி கணப்பின் ஓரத்தில் மண்டியிட்டு, பல் துலக்கும் பிரஷால் வெளிர் நிறக் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். யாரோ மிதித்த மஞ்சள் அரிசி கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கியிருந்தது. ‘இந்தக் கல் ஐந்நூறு வயது, கோபப்படாமல் கேட்கிறேன், இது போகுமா?’ என்றாள். முழுதாகப் போகவில்லை. அன்றிலிருந்து நான் ஏற்பாடு செய்யும் கல்யாணங்களில் மணவறையைச் சுற்றிப் பத்தடிக்குக் கெட்டித் துணி விரித்து, அட்சதையில் மஞ்சளைக் குறைத்து, மஞ்சள் தூவிய கையோடு யாரும் சுவரைத் தொடாதபடி ஈரத் துண்டு வைக்கிறோம். குங்குமத்துக்கும் இதே கதைதான். ஆணி அடிக்கவோ, சுவரில் டேப் ஒட்டவோ விட மாட்டார்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடத்தை அனுமதியின்றி மாற்றுவது இங்கே குற்றம். மாலை, தோரணம் எல்லாம் தனித்து நிற்கும் சட்டகங்களில்தான்.

ஒலி. பல ஹோட்டல்களில் சத்தத்தை அளக்கும் ஒரு கருவி சுவரில் இருக்கும். அளவைத் தாண்டினால் சிவப்பு விளக்கு எரியும். சில நொடி தொடர்ந்தால் அந்த அறையின் மின்சாரமே நின்றுவிடும். இது தெரியாமல் ஒரு காலையில் தாலி கட்டும் நேரம் கெட்டிமேளம் முழங்கியது. தவிலும் நாதஸ்வரமும் உச்சத்தில் இருக்கும்போது மைக், விளக்கு, ஊருக்கு நேரலை அனுப்பிக்கொண்டிருந்த பெட்டி எல்லாம் ஒன்றாக அணைந்தன. மேளம் மட்டும் நிற்கவில்லை, தாலியும் நல்லபடியாகக் கட்டி முடிந்தது. ஆனால் திருநெல்வேலியில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் பாட்டி அந்தக் கணத்தைப் பார்க்கவில்லை. ஆகவே ‘ஒலி கட்டுப்படுத்தும் கருவி எந்த அறையில், எத்தனை டெசிபல்’ என்று கேளுங்கள். நேரலைப் பெட்டியை அந்த இணைப்பில் செருகாதீர்கள். கனத்த சுவருக்குள் கைபேசி சிக்னல் கிடைக்காது. கம்பிவழி இணையம் கேட்டு வாங்குங்கள். நேர வித்தியாசம் கோடையில் நான்கரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை.

அதிகாலை முகூர்த்தம் வேண்டுமென்றால் முந்தைய இரவே கோட்டை முழுவதையும் எடுத்துக்கொள்ள வேண்டும். அறைகள் மதியம் மூன்று மணிக்குத்தான் திறக்கும் என்பதும், பக்கத்து அறையில் வேறு யாரோ தூங்கிக்கொண்டிருப்பார் என்பதும் பேச்சின்போது வரவே வராது. ‘முழுக் கோட்டையும் உங்களுக்கே’ என்று எழுதியிருந்தால் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று கேளுங்கள். குளிர்காலம் மலிவு. ஆனால் எடின்பரோவில் டிசம்பரில் மாலை மூன்றே முக்காலுக்குள் சூரியன் போய்விடும். ஜூனில் இரவு பத்துவரை வெளிச்சம் இருக்கும். வெளிவிளக்குகளை விருப்பம்போல் போட விடவில்லை என்றால் ஆச்சரியப்படாதீர்கள். பழைய கூரைகளில் வௌவால் குடியிருக்கும். அதைத் தொந்தரவு செய்வது இங்கே சட்டவிரோதம்.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. பல கோட்டைகள் தங்கள் சமையலறையைத் தவிர வேறு யாரையும் அனுமதிப்பதில்லை. அனுமதித்தாலும் சமையல்காரருக்குச் சுகாதார மதிப்பீடும் பொதுப்பொறுப்புக் காப்பீடும் கேட்பார்கள். இட்லிப் பானைகளும் சாம்பாரும் ஒரே நேரம் மின்சாரத்தை இழுத்தால் பழைய வயரிங் தாங்காது. வெளியே ஜெனரேட்டர் நிறுத்த இடம் உண்டா என்று கேளுங்கள். சூடான உணவு 63 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும் என்பது இங்கே விதி. பந்தி பந்தியாகப் பரிமாறும் நம் முறைக்கு இது கட்டாயம் கவனிக்க வேண்டியது.

கடைசியாகப் பணம். சொல்லும் விலையில் 20 சதவீத வாட் வரி சேர்ந்ததா, சேவைக் கட்டணம் தனியா, குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை எத்தனை என்று முதல் மின்னஞ்சலிலேயே கேளுங்கள். முன்பணத்தைக் கடன் அட்டையில் கட்டுங்கள். நூறு பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரை விலை உள்ள சேவைக்கு, கொஞ்சம் தொகை அட்டையில் கட்டியிருந்தாலும், ஹோட்டல் மூடிப்போனால் 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி அட்டை நிறுவனத்திடம் கேட்கலாம். மொத்தம் 30,000-ஐத் தாண்டினால் இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. இடத்துக்கும் உணவுக்கும் தனித்தனி ஒப்பந்தமாகப் பிரிக்க முடியுமா என்று ஹோட்டலிடம் கேட்டுப் பாருங்கள். ரத்து செய்தால் எப்போது எத்தனை சதவீதம் பிடிப்பார்கள் என்பதைத் தேதியோடு எழுதி வாங்குங்கள். அவர்கள் நஷ்டத்துக்கு மீறி முழுப் பணத்தையும் வைத்துக்கொள்ளும் நிபந்தனை, 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி நியாயமற்றதாகக் கருதப்படலாம். கல்யாணக் காப்பீடு எடுப்பதென்றால் முன்பணம் கட்டும் அன்றே எடுங்கள்.

போட்டோவில் பிடித்த மூன்று கோட்டைகளைத் தேர்ந்து வையுங்கள். இந்த வாரம் ஹோட்டலுக்குப் போன் செய்வதற்கு முன், அந்த மூன்று பகுதிகளின் ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்துக்கும் போன் செய்து உங்கள் தேதி இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு ஒரு மழை நாளில், மாலை நான்கு மணிக்கு, அம்மா வயதில் ஒருவரை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். அளவு நாடாவை மறக்காதீர்கள்.